பீக்கோவா, சுமானா, பலித்தாவா: இனிப்பு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா?

பிலிப்பைன்ஸில் மதியச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் நடுவே மெரியெண்டா என்றொரு வேளை உண்டு. நம் ஊரில் மாலை டிபன் மாதிரி. அந்த வேளைக்குத் தட்டில் வந்து உட்காருபவை பெரும்பாலும் கக்கானின் எனப்படும் அரிசிப் பண்டங்கள். பாகில் கிளறித் துண்டாக வெட்டும் பீக்கோ, இலையில் சுற்றி வேகவைக்கும் சுமான், கொதிநீரில் வேகும் மாவு வட்டமான பலித்தாவ் அவற்றில் மூன்று. சோற்றுக்கு அங்கே கானின் என்று பெயர்; அதிலிருந்து பிறந்த சொல் இது. தாவாவிலோ மணிலாவிலோ மருத்துவம் படிக்கப் போன பிள்ளைகளும், வளைகுடாவில் பிலிப்பினோக்களோடு ஒரே அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்களும் இவற்றை ருசித்திருப்பார்கள். எல்லாமே ஒட்டும் அரிசி, எல்லாமே தேங்காய், எல்லாமே இனிப்பு. அதனால் ‘எதைச் சாப்பிட்டால் என்ன, எல்லாம் ஒன்றுதான்’ என்று தோன்றும்.

ஒன்றல்ல. அரிசியின் அளவு ஒரே மாதிரி இருக்கும்போதே ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் கலோரியில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு வித்தியாசம் வருகிறது. எது நல்லது என்று அரிசியை வைத்துத் தேட வேண்டாம். சர்க்கரையும் தேங்காய்ப்பாலும் பண்டத்துக்குள்ளேயே கலந்துவிட்டனவா, அல்லது வெளியே நின்று உங்கள் கைக்காகக் காத்திருக்கின்றனவா என்று பார்த்தால் பாதித் தீர்மானம் முடிந்துவிடும்.

முதலில் அந்த அரிசி

மலாக்கிட் என்பது அங்கே ஒட்டும் அரிசியின் பெயர். செட்டிநாட்டுக் கவுனி அரிசி சாப்பிட்டவர்களுக்கு அந்த ஒட்டல் புதிதல்ல. நிறத்தைக் கழித்துவிட்டு, பிசுபிசுப்பை இன்னும் கூட்டிக்கொள்ளுங்கள். அரிசியின் மாவுச்சத்தில் அமைலோஸ், அமைலோபெக்டின் என்று இரண்டு கூறுகள் உண்டு. உதிரியாக வேகும் அரிசியில் அமைலோஸ் 20 முதல் 25 விழுக்காடு வரை இருக்கும். மலாக்கிட்டில் அது அநேகமாக இல்லை, எல்லாம் அமைலோபெக்டின். கிளைகிளையாகப் பிரிந்த அந்த மூலக்கூறு எளிதில் குழைந்து ஒட்டும். செரிமான நொதிகளுக்கும் அது எளிதான வேலை. ஆகவே இரத்தச் சர்க்கரையைச் சாதாரணச் சோற்றைவிட வேகமாக ஏற்றும் அரிசி இது. இதில் எந்தப் பண்டமும் விதிவிலக்கு இல்லை.

இரண்டு தவறான நம்பிக்கைகளை இங்கேயே தீர்த்துவிடலாம். ஆங்கிலத்தில் ‘குளூட்டினஸ் ரைஸ்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து அதில் கோதுமையில் உள்ள குளூட்டன் புரதம் இருக்கிறது என்று ஒதுக்குபவர்கள் உண்டு. அந்தச் சொல்லுக்குப் பசை போன்றது என்று மட்டுமே பொருள். கோதுமை ஒவ்வாதவர்கள் இதைத் தாராளமாகச் சாப்பிடலாம். இன்னொன்று, சோற்றை ஆறவைத்துக் குளிரூட்டினால் செரிக்காத மாவுச்சத்து கூடும், சர்க்கரை ஏறாது என்ற யோசனை. அந்த மாற்றம் பெரும்பாலும் அமைலோஸில் நடப்பது. அமைலோஸே இல்லாத அரிசியில் அதற்கு வழி குறைவு. குளிர்ப்பெட்டியில் வைத்த சுமான் கல்லாகிப்போவது உண்மைதான். மறுபடி ஆவி காட்டினால் பழையபடி குழைந்துவிடும், பலனும் அதோடு போய்விடும்.

ஒரே அளவுகோல்

ஒப்பிட வேண்டுமானால் எல்லாவற்றிலும் தானியம் சமமாக இருக்க வேண்டும். வீட்டுச் சமையலில் வழக்கமான அளவுகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் உலர்ந்த அரிசியோ மாவோ 25 கிராம் வரும்படி கணக்கிட்டால் கிடைப்பது கீழே. பச்சை மலாக்கிட் 100 கிராமுக்கு 370 கலோரி, கெட்டித் தேங்காய்ப்பால் 100 கிராமுக்குச் சுமார் 200 கலோரி, பழுப்புச் சர்க்கரைக்கு 380 என்று வைத்துக் கணக்கிட்ட தோராய எண்கள் இவை. கடைக்குக் கடை கொஞ்சம் கூடும், குறையும். வரிசை மட்டும் பெரும்பாலும் மாறாது. (லிஹியா, இபுஸ் இரண்டும் சுமானின் வகைகள்: முன்னதில் கார நீர், பின்னதில் தேங்காய்ப்பால் சேரும்.)

| பண்டம் (25 கிராம் தானியம்) | கலோரி | மொத்த மாவுச்சத்து, கிராம் | அதில் சேர்த்த சர்க்கரை, கிராம் | கொழுப்பு, கிராம் | அதில் நிறைவுற்றது, கிராம் |
|---|---|---|---|---|---|
| பீக்கோ, 1 துண்டு | 265 | 40 | 18 | 10.5 | 9.5 |
| லிஹியா சுமான் 1, வெறுமனே | 90 | 20 | 0 | 0.2 | 0 |
| லிஹியா சுமான் 1, தேங்காய்ப் பாகு 2 மேசைக்கரண்டி | 220 | 38 | 17 | 7 | 6 |
| இபுஸ் சுமான் 1, வெறுமனே | 130 | 21 | 0 | 4.5 | 4 |
| பலித்தாவ், 2 | 190 | 33 | 10 | 5.5 | 4 |
| புட்புட் கபோக் 1 (சிறுதானியம்) | 165 | 26 | 7.5 | 5.5 | 4 |

இந்த எண்களை எதோடு வைத்துப் பார்ப்பது? பிலிப்பைன்ஸ் அரசின் உணவு, ஊட்டச்சத்து ஆய்வு நிறுவனம் வெளியிடும் உணவுப் பரிமாற்றுப் பட்டியலில் அரைக் கோப்பைச் சோறு ஒரு ‘அரிசிப் பரிமாற்று’, அதாவது ஓர் உணவுக்குப் பதில் இன்னொன்றை மாற்றிக்கொள்ள உதவும் அலகு. அதற்கு 23 கிராம் மாவுச்சத்து, 2 கிராம் புரதம், 100 கலோரி என்று கணக்கு. சர்க்கரைப் பரிமாற்று ஒன்று 5 கிராம், கொழுப்புப் பரிமாற்று ஒன்றும் 5 கிராம். அந்தக் கணக்கில் வெறும் லிஹியா சுமான் ஒரு அரிசிப் பரிமாற்றைவிடச் சற்றுக் குறைவு. அதாவது மதியத்தில் அரைக் கோப்பைச் சோற்றைக் குறைத்தால் ஈடுகட்டிவிடலாம். பீக்கோ ஒரு துண்டோ அதே அரிசியோடு மூன்றரைச் சர்க்கரையும் இரண்டு கொழுப்பும். அரைக் கோப்பைச் சோற்றை விட்டுக்கொடுத்தால் இந்தக் கடன் அடையாது.

உலகச் சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்ன வரம்பு, 2000 கலோரி உண்பவருக்குச் சேர்த்த சர்க்கரை நாளுக்கு 50 கிராமுக்குள், முடிந்தால் 25 கிராமுக்குள். நிறைவுற்ற கொழுப்பு சுமார் 22 கிராமுக்குள். பீக்கோ இரண்டு துண்டு என்றால் சர்க்கரை 36 கிராம், நிறைவுற்ற கொழுப்பு 19 கிராம். விருந்தில் இரண்டு துண்டோடு நிறுத்துபவர்கள் குறைவு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பீக்கோ: எல்லாம் உள்ளே

பீக்கோவுக்கு 400 கிராம் மலாக்கிட், 800 மில்லி தேங்காய்ப்பால், 300 கிராம் பழுப்புச் சர்க்கரை. அரிசியைத் தனியே வேகவைத்து, பாலும் சர்க்கரையும் கொதித்துப் பாகான பிறகு அதில் கொட்டிக் கிளறுவார்கள். நம் சர்க்கரைப் பொங்கலை இன்னும் இறுக்கிக் கத்தியால் வெட்டும்படி செய்ததுபோல் இருக்கும். மேலே லாத்திக் தூவுவார்கள்: முதற்பாலை எண்ணெய் பிரியும்வரை காய்ச்சும்போது அடியில் பொன்னிறமாகத் தங்குகிற துணுக்குகள். இது மணிலா இருக்கும் லூசோன் தீவின் வழக்கு. விசயாஸ் தீவுகளில் லாத்திக் என்றால் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் காய்ச்சிய பாகு. கடையில் ‘லாத்திக் போடட்டுமா’ என்று கேட்டால் எந்தத் தீவில் நிற்கிறோம் என்று யோசித்துத் தலையாட்டுவது நல்லது, ஏனெனில் ஒன்று கொழுப்புத் துணுக்கு, மற்றது சர்க்கரை.

பீக்கோவின் சிக்கல், தட்டுக்கு வந்தபின் ஒன்றும் செய்ய முடியாது என்பதுதான். சர்க்கரையை ஒதுக்கி வைக்க முடியாது, பாலை வடிக்க முடியாது. குறைக்க வேண்டுமானால் அடுப்பிலேயே குறைக்க வேண்டும். அதற்கும் ஓர் எல்லை உண்டு. 300 கிராம் சர்க்கரையை 200 ஆக்கலாம். பாலில் பாதியை முதற்பாலாகவும் பாதியை இரண்டாம் பாலாகவும் எடுக்கலாம். பதினாறு துண்டுக்குப் பதில் இருபதாக வெட்டலாம். மூன்றையும் செய்தால் ஒரு துண்டு 170 கலோரி, சர்க்கரை 10 கிராம், கொழுப்பு ஆறரை கிராம் என்று இறங்கும். சாப்பிடுபவர்களுக்குப் பெரிதாக வித்தியாசம் தெரியாது. 150 கிராமுக்கும் கீழே போனால் தெரியும்: பளபளப்பு போய்விடும், துண்டு நிற்காமல் தளரும், சீக்கிரமே புளிக்கும். சர்க்கரை அங்கே இனிப்புக்கு மட்டும் இல்லை. நீரைப் பிடித்துவைத்துக் கெடாமல் காப்பதும் அதன் வேலை.

குறைத்துச் செய்யும்போது கெடுகிற இடங்கள் இரண்டு. இரண்டாம் பால் நீர்த்தது என்பதால் பாகு பதத்துக்கு வர நேரமாகும். பொறுமையில்லாமல் முன்கூட்டியே அரிசியைக் கொட்டினால் பீக்கோ கூழாகும், அடியும் பிடிக்கும். கரண்டியைத் தூக்கினால் பாகு கனமாக ஒழுகும்வரை காத்திருக்க வேண்டும். இன்னொன்று, அரிசி முக்கால் வேக்காட்டில் இருக்கும்போதே பாகில் போட்டு ‘மீதி அதில் வெந்துகொள்ளும்’ என்று நினைப்பது. சர்க்கரைப் பாகில் அரிசி வேகாது. சர்க்கரை நீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் மாவுச்சத்து ஊதிக் குழைய வழியில்லை. நடுவில் விறைத்த பருக்கை விறைத்தபடியே நிற்கும். சர்க்கரைப் பொங்கலில் வெல்லத்தை அவசரப்பட்டுப் போட்டவர்களுக்கு இது தெரிந்த கதை.

டப்பாத் தேங்காய்ப்பாலில் லாத்திக் எடுக்கப் பார்த்து ஏமாறுபவர்களும் உண்டு. அதில் பெரும்பாலும் பால் பிரியாமலிருக்கப் பசைப்பொருள் சேர்த்திருப்பார்கள். எவ்வளவு காய்ச்சினாலும் எண்ணெய் சரியாகப் பிரியாது. ஊட்டச்சத்தை நினைப்பவருக்கு அதுவே ஒரு வசதி: லாத்திக்கை விட்டுவிட்டு, வறுத்த எள் ஒரு கரண்டி தூவினால் போதும்.

பழுப்புச் சர்க்கரை, மஸ்கொவாடோ என்னும் நாட்டுச் சர்க்கரை, வெள்ளைச் சர்க்கரை மூன்றில் எது என்ற கேள்வி அடிக்கடி வரும். நீக்ரோஸ் தீவின் மஸ்கொவாடோவுக்கு மணம் அருமை. ஆனால் ஒரு துண்டில் வரும் 18 கிராமில் கிடைக்கும் இரும்பும் சுண்ணாம்பும் கணக்கில் எடுக்கும் அளவு இல்லை. இரத்தத்தில் ஏறும் சர்க்கரைக்கு நிறம் தெரியாது. மணம் வேண்டுமென்றால் மஸ்கொவாடோ வாங்குங்கள். மணம் தூக்கலாக இருப்பதால் கொஞ்சம் குறைத்துப் போடலாம் என்பது ஒன்றே லாபம்.

சுமான்: ஒரே பெயர், இரண்டு பண்டம்

இலையில் சுற்றி வேகவைத்த மலாக்கிட் எல்லாமே சுமான். அதில் எது என்று கேட்காமல் சத்தைப் பற்றிப் பேச முடியாது. சுமானுக்குப் பேர்போன ஊர் மணிலாவுக்குக் கிழக்கே இருக்கும் அந்திப்போலோ. கோயிலுக்கு வரும் யாத்ரீகர்கள் கட்டுக்கட்டாக வாங்கிப் போவார்கள்.

லிஹியா சுமானில் அரிசிக்குக் கார நீர் காட்டுவார்கள். முன்பு சாம்பலைக் கரைத்துத் தெளியவைத்த நீர், இப்போது கடையில் விற்கும் உணவுத்தர லிஹியா. ஊறிய 500 கிராம் அரிசிக்கு ஒரு தேக்கரண்டி போதும். அரிசி இளமஞ்சளாகும், வெந்தபின் ஜெல்லி போலத் துள்ளும். வாழையிலையில் சுற்றி, நீரில் மூழ்கும்படி இரண்டு மணிநேரத்துக்குக் குறையாமல் வேகவைக்க வேண்டும். தேங்காய்ப்பால் இல்லை, சர்க்கரை இல்லை. 20 சுமான் செய்தால் ஒன்றுக்கு 90 கலோரி. கக்கானின் வரிசையிலேயே இலேசானது இதுதான்.

குறை ஒன்று உண்டு. கார நீர் பி1 வைட்டமினைச் சிதைக்கும். தீட்டிய அரிசியில் முன்பே குறைவாக இருப்பது, இதில் இன்னும் தேய்கிறது. மெரியெண்டாவுக்கு எப்போதாவது சாப்பிடுபவருக்கு இது பொருட்டில்லை. தினமும் காலைச் சாப்பாடாக இதையே பிடித்துக்கொள்பவர் பயறோ பன்றியிறைச்சியோ வேறு எங்காவது பி1-ஐத் தேடிக்கொள்ள வேண்டும். லிஹியா கூடினால் சோப்பை நக்கியதுபோலக் கசக்கும், நாக்கு மரத்துப்போகும். அப்படிப்பட்ட சுமானைத் தூக்கிப் போட வேண்டும். பாகை ஊற்றிச் சமாளிக்கக் கூடாது. அளக்கும்போது கையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தோலை அரிக்கும்.

இலேசான இந்தச் சுமான் கனப்பது பாகில்தான். 400 மில்லி தேங்காய்ப்பாலில் 200 கிராம் சர்க்கரையைக் காய்ச்சிச் சுண்டவைத்தால் சுமார் 24 மேசைக்கரண்டி பாகு கிடைக்கும். கரண்டிக்கு 65 கலோரி. இரண்டு கரண்டி ஊற்றியதும் 90 என்பது 220 ஆகி, பீக்கோவின் பக்கத்து வீட்டுக்கு வந்துவிடுகிறது. ஆனாலும் பீக்கோவுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு உண்டு: கரண்டி உங்கள் கையில். மேலே ஊற்றாமல் கிண்ணத்தில் தனியே வைத்து, கடிக்கும் நுனியை மட்டும் தொட்டுக்கொண்டால் ஒரு கரண்டியோடு ஒரு சுமான் முடிந்துவிடும்.

இபுஸ் சுமான் வேறு வகை. பூரி என்றொரு பனையினத்தின் இளங்குருத்தோலையைக் குழல்போலச் சுற்றி, தேங்காய்ப்பாலும் உப்பும் சேர்த்த அரிசியை அதில் அடைத்து வேகவைப்பது. 500 கிராம் அரிசி, 400 மில்லி முதற்பால், ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு. பாலில் அரிசியை அரைவேக்காடாகக் கிளறி, பால் முழுதும் உறிஞ்சிய பின் அடைத்தால் பால் வெளியே ஓடாது. முக்கால் குழலுக்குமேல் அடைத்தால் அரிசி ஊதி ஓலை பிரியும். பாதிக்குக் குறைந்தால் நீர் புகுந்து சப்பென்றாகும். ஒன்றுக்கு 130 கலோரி, சர்க்கரை சுழியம், உப்பு அரை கிராமுக்குச் சற்றுக் குறைவு. கொழுப்பு உள்ளேயே இருக்கிறது, அதை மாற்ற முடியாது. இனிப்போ முழுக்க வெளியே.

இபுஸின் பெரிய பலம் அதன் துணை. சர்க்கரையில் புரட்டிச் சாப்பிடுவது ஒரு பழக்கம். பழுத்த மாம்பழத்தோடு சாப்பிடுவது இன்னொன்று. ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை 48 கலோரி கொடுத்துவிட்டு வேறொன்றும் கொடுக்காது. 100 கிராம் மாம்பழம் 60 கலோரியோடு 36 மில்லிகிராம் வைட்டமின் சி-யும் ஒன்றரை கிராம் நார்ச்சத்தும் கொடுக்கும். முழுப் பழத்தில் இருக்கும் சர்க்கரையைச் சேர்த்த சர்க்கரைக் கணக்கில் எழுதுவதும் இல்லை. கோடையில் மாம்பழம் மலிவாகக் கிடைக்கும்போது இபுஸும் பாதி மாம்பழமும் என்பதைவிட நல்ல மெரியெண்டா அங்கே இல்லை என்றே சொல்வேன். சிபூவிலும் தாவாவிலும் காலையில் விற்கும் புத்தோ மாயாவும் இந்த வகைதான்: இஞ்சி சேர்த்த தேங்காய்ப்பால் மலாக்கிட், பக்கத்தில் மாம்பழம், சிக்வாத்தே என்னும் கொக்கோ பானம். அந்தப் பானத்தில் எத்தனை கரண்டி சர்க்கரை என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் சோற்றைவிடக் கோப்பையில்தான் இனிப்பு அதிகம்.

பலித்தாவ்: இலேசாகத் தெரியும்

மலாக்கிட் மாவைப் பிசைந்து தட்டையாகத் தட்டிக் கொதிநீரில் போட்டால் வெந்ததும் மிதந்து மேலே வரும். லித்தாவ் என்றால் மேலெழுவது. பெயருக்குக் காரணம் அதுதான். தேங்காய்த் துருவல், சர்க்கரை, வறுத்த எள் மூன்றிலும் புரட்டித் தருவார்கள். 200 கிராம் மாவுக்கு 150 முதல் 160 மில்லி நீர், 16 வட்டங்கள், 100 கிராம் துருவல், 80 கிராம் சர்க்கரை, 20 கிராம் எள். நம் பச்சரிசி மாவில் இதைச் செய்ய முயல வேண்டாம். கொதிநீரில் கரைந்து கஞ்சியாகும்.

வெள்ளையாக, ஈரமாக, சின்னதாக இருப்பதால் இது ‘டயட்’ பண்டம் என்று ஒரு தோற்றம் உண்டு. ஒன்று 95 கலோரி. இரண்டோடு நிறுத்தினால் 190, பரவாயில்லை. யாரும் இரண்டோடு நிறுத்துவதில்லை. மூன்று வைத்தால் 285, பீக்கோ துண்டைத் தாண்டியாயிற்று. எண்ணிக்கையில் சாப்பிடும் பண்டங்களில் உள்ள பொறி இது. பீக்கோ துண்டு கண்ணுக்கு ஒரு துண்டாகவே தெரியும்.

ஆனால் திருத்த எளிதானதும் பலித்தாவ்தான். தேங்காய்ப்பாலுக்குப் பதில் துருவல் என்பதால் நாரையும் சேர்த்து உண்கிறோம்: இரண்டு வட்டத்தில் சுமார் 2 கிராம் நார்ச்சத்து, பீக்கோவில் அதில் பாதிகூட வராது. எள்ளைத் தோலோடு வறுத்துப் பொடித்துப் போட்டால் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும். முழு எள்ளாகப் போட்டால் பாதி மெல்லாமலே உள்ளே போய் அப்படியே வெளியேறும். சர்க்கரையை 80-லிருந்து 40 கிராமாகக் குறைத்து, ஒரு சிட்டிகை உப்பைத் துருவலில் பிசிறினால் இனிப்பு குறைந்தது நாக்குக்கு எட்டாது. மாவுக்குள் சர்க்கரை இல்லாததால் அமைப்பும் கெடாது. பீக்கோவில் செய்ய முடியாதது இது.

சர்க்கரையை முன்கூட்டியே கலந்து வைத்தால் ஈரத்தில் உருகிப் பாகாகி வழியும், பிறகு மேலும் மேலும் தூவத் தோன்றும். பரிமாறும் நேரத்தில் தூவுங்கள். துருவலை ஐந்து நிமிடம் ஆவியில் வைத்தால் சீக்கிரம் ஊசாது. அப்படியும் வெயில் காலத்தில் நாலைந்து மணி நேரத்துக்குமேல் வெளியே வைக்கக் கூடாது.

கிறிஸ்துமஸ் புட்டும் சிபூவின் சிறுதானியமும்

புத்தோ பும்போங்கைப் பட்டியலில் சேர்க்காததற்குக் காரணம் கடைக்குக் கடை அளவு மாறுவதுதான். டிசம்பர் 16 முதல் 24 வரை விடியற்காலைப் பூசைக்குப் போய்வருபவர்கள் கோயில் வாசலில் வாங்கும் ஊதாநிறப் பண்டம் இது. மூங்கில் குழலில் மாவை நிரப்பி ஆவியில் வேகவைத்துத் தட்டுவார்கள். நமக்குக் குழாய்ப்புட்டு நினைவு வராமல் இருக்காது. சொல்லும்கூட மலாய் வழியாகப் புட்டிலிருந்து போனது என்பார்கள். ஊதா நிறம் பிருருத்தோங் என்ற கருநிற நாட்டு அரிசியின் தவிட்டிலிருந்து வர வேண்டும். அப்படி வந்தால் அந்தோசயனின் என்ற நிறமிச்சத்தும் தவிட்டின் நாரும் கூடவே வரும். அந்த அரிசி அரிதும் விலை கூடியதுமாகிவிட்டதால் பல கடைகளில் வெறும் மலாக்கிட்டில் சாயம் கலக்கிறார்கள். கண்டுபிடிக்க வழி: உண்மையான பிருருத்தோங் மங்கிய, சற்றே சாம்பல் கலந்த ஊதா, ஊடே கரும்புள்ளிகள் தெரியும். பூவைப்போலப் பளிச்சென்ற ஊதா என்றால் நீங்கள் வாங்குவது நிறத்தை.

அதிலும் கனம் மேலே பூசுவதில். ஒரு மேசைக்கரண்டி வெண்ணெயோ மார்கரினோ 100 கலோரி. மஸ்கொவாடோ ஒரு கரண்டி 45. செயற்கை டிரான்ஸ் கொழுப்பைத் தடைசெய்து பிலிப்பைன்ஸ் அரசு 2021-ல் ஆணையிட்டது, எனவே மார்கரின் பற்றிய பழைய பயம் கொஞ்சம் குறையலாம், கலோரி குறையாது. வாழையிலையில் வைத்ததும், பூசுவதற்கு முன்பே ‘பாதி போதும்’ என்று சொல்லிவிட வேண்டும். விற்பவரின் கை வேகமானது.

சிபூத் தீவின் காத்மோன் ஊருக்குப் பெயர் வாங்கித் தந்த புட்புட் கபோக்கில் மலாக்கிட்டே இல்லை. புட்புட் என்பது சுமானுக்கு விசயாஸ் பெயர். கபோக் ஒரு சிறுதானியம், நம் பனிவரகின் இனம். தேங்காய்ப்பால், சர்க்கரை, உப்பு சேர்த்து வாழையிலையில் சுற்றி வேகவைப்பார்கள். அதே 25 கிராம் தானியத்துக்கு 3 கிராம் புரதமும் 2 கிராம் நாரும் தருகிறது. லிஹியா சுமானில் புரதம் 2 கிராம்கூட எட்டாது. சத்துக்காகவே ஒன்றைத் தேர்ந்தெடுப்பவருக்கு என் ஓட்டு இதற்குத்தான், சர்க்கரை உள்ளே கலந்திருந்தாலும். சிறுதானியம் என்றதும் சர்க்கரையே ஏறாது என்று நாலைந்து உண்பதற்கு இது உரிமம் அல்ல. குழைய வெந்த சிறுதானியமும் மாவுச்சத்துதான்.

யாருக்கு எது

நீரிழிவு உள்ளவருக்கு லிஹியா சுமான் ஒன்று, பாகு ஒரு தேக்கரண்டி. கூடவே அவித்த முட்டையோ ஒரு கைப்பிடி வேர்க்கடலையோ இருக்கட்டும். தனியாக, வெறும் வயிற்றில் வேண்டாம். அந்த நாள் மதியச் சோற்றில் அரைக் கோப்பையைக் குறைத்துவிடுங்கள். சாப்பிட்டு இரண்டு மணிநேரம் கழித்துக் குளுக்கோமீட்டரில் ஒருமுறை பார்த்துவிட்டால் உங்கள் உடம்பு எதற்கு ஈடுகொடுக்கிறது என்று தெரிந்துவிடும், ஏனெனில் இதில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் பெரிது. இன்சுலின் போடுபவர்கள் பீக்கோவுக்கு 40, வெறும் சுமானுக்கு 20 என்று மாவுச்சத்தை எண்ணிக்கொள்ளலாம்.

கொலஸ்ட்ரால்தான் கவலை என்றால் பார்க்க வேண்டியது நிறைவுற்ற கொழுப்பு. அப்போது தேங்காய்ப்பால் உள்ளே போன பீக்கோ கடைசியில், அதற்கு முன்னால் பாகு ஊற்றிய சுமான். தேங்காய்க் கொழுப்பு நல்லது, அது நேராக எரிந்துவிடும் என்ற பேச்சு அங்கேயும் இங்கேயும் உண்டு. அதில் அதிகம் இருக்கும் லாரிக் அமிலம் கெட்ட கொழுப்பான எல்டிஎல்-ஐயும் உயர்த்துகிறது. லிஹியா சுமானை மாம்பழத்தோடு உண்டால் நிறைவுற்ற கொழுப்பும் இல்லை, சேர்த்த சர்க்கரையும் இல்லை.

மெலிந்த பிள்ளைக்கோ, வெயிலில் உடல் உழைப்பு செய்பவருக்கோ கணக்கு வேறு. அவர்களுக்குப் பீக்கோ ஒரு துண்டு தண்டனையல்ல. சின்ன இடத்தில் நிறையச் சக்தி. புரதம் மட்டும் இந்தப் பண்டங்கள் எதிலும் போதிய அளவு கிடைக்காது, அதை மீனிலோ பயறிலோ பார்த்துக்கொள்ள வேண்டும். சிறு குழந்தைகளுக்கும் விழுங்கச் சிரமப்படும் முதியவர்களுக்கும் எதுவானாலும் விரல்நுனி அளவு வெட்டிக் கொடுங்கள். பலித்தாவும் லிஹியா சுமானும் வழுக்கிக்கொண்டு போய்த் தொண்டையில் அடைக்கும். பீக்கோ அவ்வளவு வழுக்காது.

கட்டாக வாங்கிக்கொண்டு போகிறவர்கள் கெடும் வரிசையையும் பார்க்க வேண்டும். அந்த வெயிலில் முதலில் போவது பலித்தாவ், அன்று மாலைக்குள். பால் சேர்ந்த இபுஸும் பீக்கோவும் ஒரு நாள். கார நீர் ஏறிய லிஹியா சுமான் இரண்டு நாள் வரை நிற்கும். இலையைப் பிரிக்கும்போது நூல்போல இழுத்தாலோ புளித்த வாடை வந்தாலோ மறுபடி வேகவைத்துச் சாப்பிட நினைக்காதீர்கள்; சோற்றில் வளரும் சில கிருமிகள் விடும் நச்சு கொதிநீருக்கும் அழியாது. குளிர்ப்பெட்டியில் வைத்ததை இலையோடு பத்து நிமிடம் இட்லிப் பாத்திரத்தில் ஆவி காட்டினால் பதம் திரும்பிவிடும். மைக்ரோவேவில் இலையை நீக்கி வைத்தால் ஓரம் தோலாகி நடுவில் கல்லாகவே இருக்கும்.